சலான் கட்டியாச்சு, மனசு ஆறலை: கம்பம், குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பான் கார்டு, பட்டா, வருமானச் சான்று என்று ஆன்லைன் வேலையும் உண்டு. 2023 ஜூன் 5-இல் கேரளாவில் கேமரா வைத்து அபராதம் போட ஆரம்பித்ததிலிருந்து சலான் கட்டிக் கொடுப்பதும் அதில் சேர்ந்துகொண்டது. மாநிலம் முழுக்க மொத்தம் 726 கேமரா. அதில் 675 ஹெல்மெட், சீட் பெல்ட், கையில் செல்போன் இதையெல்லாம் பார்ப்பதற்கென்றே வைத்தவை. ஏலத்தோட்ட வேலை, வியாபாரம், தேக்கடி, சபரிமலை என்று தினமும் மலையேறிக் கேரளாவுக்குள் போகிற ஊர் இது. மாட்டாமல் இருப்பார்களா?

ரசீதைக் கையில் வாங்கிய பிறகும் சிலர் நகர மாட்டார்கள். மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே நிற்பார்கள். அப்புறம் மெதுவாக ஒரு கேள்வி வரும். திரும்பத் திரும்ப வந்தவற்றை அவரவர் பேச்சிலேயே கீழே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. விஷயம் கேஸ் அளவுக்குப் போனால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

அண்ணே, ஹெல்மெட் போடாம போனதுக்கு மெசேஜ் வந்துருக்கு. இனிமே நான் குற்றவாளியா?

இல்லை. நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், ஓட்டுகிறவரானாலும் பின்னால் உட்கார்கிறவரானாலும், ஹெல்மெட் போட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு. மீறினால் கேரளாவில் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 1,000. இந்த மாதிரித் தவறுகளைக் கோர்ட்டுக்குப் போகாமல் பணம் கட்டி முடித்துக்கொள்ள 200-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அப்படி முடித்துவிட்டால் அதே விஷயத்துக்காக மேற்கொண்டு நடவடிக்கை எடுக்க முடியாது என்றும் அந்தப் பிரிவே சொல்கிறது.

கட்டாமல் இழுத்தடித்தால்தான் வம்பு. கோர்ட்டுக்குப் போகும். அதை மறந்துவிட்டு நாளைக்கு வண்டியை விற்கப் போனால், பழைய பாக்கியெல்லாம் அங்கே வரிசையாக வந்து நிற்கும்.

அந்த மெசேஜ் நெசமா, ஏமாத்தான்னு எப்படித் தெரியும்?

வாட்ஸாப்பில் ஏதோ ஒரு நம்பரிலிருந்து வந்து, "இந்த ஆப்பை இறக்கி உங்கள் சலானைப் பாருங்கள்" என்றால் ஏமாற்று. தொடவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களாகப் போய் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். அங்கே இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. மனசு உறுத்துகிற ஆள் விசாரிக்க மாட்டான். சட்டென்று கட்டித் தொலைத்துவிட்டால் போதும் என்று இருப்பான். ஏமாற்றுகிறவனுக்கு அந்த அவசரம் போதும். ஹெல்மெட் போடாமல் போன ஒருவர் இப்படி அவசரப்பட்டு, அபராதத்தைப் போல ஒன்பது மடங்கை இழந்துவிட்டு வந்தார். கடைசியில் பார்த்தால் அவர் பேரில் சலானே இல்லை.

பின் சீட்லயும் பெல்ட் போடணும்னே எனக்குத் தெரியாது. தெரியாம செஞ்சதுக்கும் உறுத்தணுமா?

முன்பக்கம் பார்த்த பின் சீட்டில் உட்கார்கிறவரும் பெல்ட் போட வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதி. தெரியாது என்ற பதில் அபராதத்துக்குச் செல்லாது. மனசுக்குச் செல்லும், ஒரே ஒரு தடவை.

நம்ம ஊர்ல யாருமே கேக்குறதில்லை. எல்லையைத் தாண்டினா மட்டும் தப்பாயிருமா?

குமுளியில் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் நின்று வேடிக்கை பாருங்கள். அதுவரை பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்த ஹெல்மெட்டெல்லாம் தலைக்கு ஏறும். திரும்பி வரும்போது அதே இடத்தில் இறங்கும். ஏதோ கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி!

சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், மத்திய அரசின் சட்டம். அபராதத் தொகைதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் மேலே சொன்ன கணக்குப்படி ஹெல்மெட்டுக்குத் தமிழ்நாட்டில்தான் ஜாஸ்தி, கவனித்தீர்களா? எனவே "அந்தப் பக்கம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்" என்று நாம் சொல்வது கேமராவைப் பற்றித்தான். மண்டை இரண்டு பக்கமும் ஒரே கனம்.

ரெண்டாயிரம் கட்டிட்டேன். கணக்கு தீர்ந்துச்சுல்ல? அப்புறமும் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் காரில் செல்போன் பேசிக்கொண்டே ஓட்டி மாட்டியவர். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: மெசேஜ் வருவதற்கு முந்தின நாள் உறுத்தியதா? பலர் இதற்கு "இல்லை" என்றுதான் சொல்வார்கள். அப்படியானால் அது மாட்டிக்கொண்ட அவமானம், பணம் போன எரிச்சல், வீட்டில் தெரிந்துவிடுமோ என்ற பயம். தப்பே இல்லை, மனித சுபாவம். நாலைந்து நாளில் தானாக அடங்கிவிடும். அதைக் குற்ற உணர்ச்சி என்று நினைத்துத் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை.

இவர் மட்டும் "அன்னிக்கே உறுத்துச்சு" என்றார். போன் பேசிக்கொண்டே வரும்போது ஒரு பாட்டி ரோட்டைத் தாண்டப் பாதி வந்துவிட்டதாம். கடைசி நிமிஷத்தில் பிரேக் பிடித்திருக்கிறார். பாட்டி கையை மார்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றதாம். கேமரா அதைப் படம் பிடிக்கவில்லை. அது பிடித்தது அதற்கு இரண்டு வளைவு தள்ளி, காதில் போன் வைத்திருந்ததை. இரண்டாயிரம் ரூபாய் அந்தப் போனுக்கான பில். பாட்டி பதறியது அதில் சேரவில்லை. பிறகு எப்படித் தீரும்?

அந்தப் பாட்டி அதே இடத்தில் கொய்யாப்பழம் விற்கிற ஆள். மறு வாரம் போய் வண்டியை ஓரங்கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டிருக்கிறார். "எந்த வண்டின்னு எனக்கெப்படிப்பா தெரியும்? தெனமும் பத்து வண்டி அப்படித்தான் வருது" என்று சொல்லிவிட்டு, ஒரு கிலோ எடுத்துக்கோ என்று தராசைத் தூக்கியதாம். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. இப்போது மலைப்பாதையில் போன் டேஷ்போர்டு பெட்டிக்குள் போய்விடுகிறது.

யாரும் பாக்கலை, கேமராவும் இல்லை. நானாப் போயி சொல்லணுமா?

யாருக்கும் அடிபடவில்லை, எதுவும் உடையவில்லை என்றால் நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. இதை ஆராய்ச்சி பண்ணித் தெரிந்துகொள்ளவில்லை, எனக்கே நடந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு கார்த்திகை மாதச் சாயங்காலம். குமுளியிலிருந்து லோயர் கேம்ப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். பெரியாறு மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் அந்தப் பெரிய குழாய்கள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே ஒரு வளைவு. கீழேயிருந்து ஒரு பைக்கில் புருஷன் பெண்டாட்டி ஏறி வந்தார்கள். சபரிமலை வண்டிகள் ஓரத்தில் நின்றதால் பாதை பாதியாகிவிட்டிருந்தது. மலைப்பாதையில் இடம் போதாத இடத்தில் இறங்குகிற வண்டிதான் நின்று ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். 2017-ஆம் வருஷத்து ஓட்டுநர் ஒழுங்குமுறை விதிகளில் எழுதியே இருக்கிறது, அதற்கு முன்பும் அதுதான் வழக்கம். எனக்குத் தெரியும். ஆனாலும் ஹாரனை அழுத்திக்கொண்டு இறங்கினேன். பைக் மண்ணில் இறங்கிச் சாய்ந்தது. விழவில்லை. அந்த அம்மா கையிலிருந்த பை விழுந்தது. கண்ணாடியில் பார்த்தேன், குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நிற்கவில்லை.

இதை எந்த ஸ்டேஷனில் போய் எழுதிக் கொடுப்பது? ஒரு ரசீது கிடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று பல நாள் நினைத்திருக்கிறேன். மாட்டாதவனுக்குத்தான் கணக்கை முடிக்க வழி கிடைப்பதில்லை.

பார்க்கிங்ல ஒரு வண்டி மிரரைத் தட்டிட்டு வந்துட்டேன். இதுவும் அந்த மாதிரிதானே?

இது வேறு. அடுத்தவர் பொருள் சேதமானாலோ யாருக்காவது காயம்பட்டாலோ 134-ஆம் பிரிவு வந்துவிடும். காயம்பட்டவருக்கு வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். போலீஸ் அங்கே இல்லையென்றால், கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், பக்கத்து ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும். கூட்டம் கூடி அடிக்க வருகிற நிலைமை இருந்தால் என்ன செய்வது என்பதையும் யோசித்தே எழுதியிருக்கிறார்கள். அந்த மாதிரிச் சூழ்நிலையில் அங்கேயே நின்று உதவ முடியாமல் போனதைச் சட்டம் ஏற்கிறது, ஸ்டேஷனுக்குப் போகாததை ஏற்பதில்லை.

மிரர் விஷயத்தில் எளிய வழி, வைப்பரில் பேரும் போன் நம்பரும் எழுதி ஒரு சீட்டு. இதைக் கேட்டவர் சீட்டு வைக்காமல் வந்துவிட்டு, மறுநாள் அதே இடத்துக்கு இரண்டு தடவை போய்ப் பார்த்தார். வண்டி இல்லை.

நாய் குறுக்க வந்துருச்சுண்ணே. ஏத்திட்டேன். நிக்காம வந்துட்டேன். தூக்கமே வரலை.

விலங்கு அடிபட்ட விபத்தில் போலீஸ் நிறுத்தச் சொன்னால் வண்டியை நிறுத்த வேண்டும் என்று 132-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் எது எது விலங்கு என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது: குதிரை, மாடு, யானை, ஒட்டகம், கழுதை, கோவேறு கழுதை, செம்மறி, வெள்ளாடு. நாய் அதில் கிடையாது. படித்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

தூக்கம் வராதது பட்டியலைப் பார்த்து இல்லையே. வெளிச்சமாகிற வரை காத்திருக்காமல் திரும்பிப் போய்ப் பாருங்கள் என்றேன். போனார். உயிர் இல்லை. ஓரமாக எடுத்துப் போட்டு மண் தள்ளிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்குத் தூங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

வண்டி என் பேர்ல. ஓட்டுனது மச்சான். எனக்கு எதுக்குண்ணே மெசேஜ்?

கேமராவுக்குத் தெரிந்தது நம்பர் பிளேட்தான், மச்சான் இல்லை. ஓட்டியது யார் என்று போலீஸ் கேட்டால் பேரையும் லைசென்ஸ் விவரத்தையும் சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு, 133-ஆம் பிரிவு. ஐந்நூறு ரூபாய்க்கு மச்சானைக் காட்டிக்கொடுக்கலாமா என்பது உங்கள் குடும்ப விஷயம், எனக்கு வேண்டாம்.

ஸ்கூட்டி எங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. மெசேஜ் அவருக்குப் போறதுக்குள்ள கட்டிர முடியுமாண்ணே?

வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். சலான் தளத்தில் ஏறியிருந்தால் உடனே கட்டிவிடலாம். ஆனால் ஆர்.சி.-யில் யார் நம்பர் இருக்கிறதோ அந்தப் போனுக்கு மெசேஜ் போவதை நான் தடுக்க முடியாது. அவர் கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், ஒரு திட்டோடு போகும். இது மேலே சொன்ன பய வகை. குற்ற உணர்ச்சி இதில் கால்வாசிகூட இருக்காது.

பையனுக்குப் பதினாறுதான். பக்கத்துக் கடைக்குத்தானேன்னு பைக்கைக் குடுத்தேன். இதெல்லாம் சின்னத் தப்புதானே?

இல்லைங்க. இந்தக் கேள்விகளிலேயே இதுதான் பெரிய விஷயம். 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த 199A பிரிவின்படி, சிறார் ஓட்டி மாட்டினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயதாகும் வரை லைசென்ஸ் கிடையாது. பதினாறு வயதில் லைசென்ஸ் எடுத்து ஓட்டலாம் என்பது 50 சிசி-க்குள்ளான வண்டிக்கு மட்டும்.

இதைச் சொன்னால் அப்பாமார்கள் என்மேல் கோபப்படுகிறார்கள். படட்டும்.

நான் தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப் டிரைவர். அளவா ஏத்துனா டீசலுக்குக்கூடக் கட்டாது. தெனமும் பயந்துக்கிட்டேதான் மலை ஏறுறேன். நான் என்ன பண்றது?

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனாலும் அடிக்கடி வருகிற கேள்வி என்பதால் விட முடியாது. விடிகாலையில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும். தூக்குச்சட்டியோடு மடிமேல் மடியாக உட்கார்ந்திருப்பார்கள். 194A பிரிவின்படி கூடுதலாக ஏற்றிய ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய். அதோடு, அதிகப்படி ஆட்களை இறக்கி, அவர்கள் போக மாற்று ஏற்பாடு செய்கிற வரை வண்டி நகரக் கூடாது. ஏழு பேர் அதிகம் என்றால் 1,400. ஒருநாள் மாட்டினால் அந்த வாரச் சம்பாத்தியம் காலி.

ஆனால் அவர் அபராதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பின்னால் எத்தனை பேர் என்று நினைப்பு வருவதாகச் சொன்னார். இந்தப் பாரம் முழுக்க அவருடையது இல்லை என்பது என் கருத்து. தலைக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறவருக்கும், வருகிற வண்டியில் தொங்கிக்கொண்டு வந்தாலும் கண்டுகொள்ளாத தோட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. ஸ்டியரிங் மட்டும் இவர் கையில். வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பரவாயில்லை என்று சொல்லவும் வரவில்லை. பிரேக்கை மாதம் தவறாமல் பார்ப்பது, மூடுபனி நாளில் வெளியே தொங்க விடாமல் இருப்பது, வாடகையைத் தலைக்கு இல்லாமல் ட்ரிப்புக்கு என்று பேசிப் பார்ப்பது, இவ்வளவுதான் பேசினோம்.

ஒரு மாதம் கழித்து வந்தார். மூன்று பேரைக் குறைத்தாராம். அந்த மூன்று பேருக்கும் அன்றைய கூலி போய்விட்டது. மற்ற பெண்கள் இவரோடு சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

ஃபைன் போடாம இருக்க கையில நூறு ரூவா குடுத்தேன். தப்பைவிட அதுதான் உறுத்துது.

உறுத்த வேண்டியதுதான். 2018 திருத்தத்துக்குப் பிறகு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்துவிட்டால் அவருக்கு விலக்கு. ஆனால் இவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இவர்தான் பாக்கெட்டில் முதலில் கையை விட்டவர். ரசீதுக்குக் கட்டியிருந்தால் முதல் கேள்வியில் சொன்ன மாதிரி முடிந்துபோயிருக்கும்.

அம்மாவுக்கு நெஞ்சுவலின்னு க.விலக்கு மெடிக்கல் காலேஜுக்கு ஓட்டுனேன். தேனில சிக்னல் நிக்கலை. இதுக்கும் குத்தமா?

சிவப்பு விளக்கில் கவனமாகத் தாண்டிப் போகிற சலுகை ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்றவற்றுக்குத்தான். சொந்தக் காருக்குக் கிடையாது. சலான் வந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டை வைத்து மறுப்புத் தெரிவிக்கலாம், ஏற்பது அவர்கள் முடிவு. 108-ஐக் கூப்பிடுவதுதான் சரியான வழி என்பது அவருக்கும் தெரியும். வருவதற்குள் என்னாகுமோ என்ற பயம்.

அதே நிலைமை நாளைக்கு வந்தால் தாண்டுவீர்களா என்று கேட்டேன். யோசிக்காமல் "தாண்டுவேன்" என்றார். அப்படியானால் உங்களுக்கு இருப்பது தப்பு செய்த உறுத்தல் இல்லை, அன்றைய பதற்றத்தின் மிச்சம். அந்தச் சிக்னலில் யாராவது குறுக்கே வந்திருந்தால் இந்தப் பேச்சே வேறு. அம்மா நன்றாக இருக்கிறார்கள்.

சுருளியில குளிச்சுட்டு உண்டியல்ல போட்டா தீர்ந்துருமா?

குளியுங்கள், நல்ல தண்ணீர். வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டவரும் உண்டு. அவர் நேர்ந்துகொண்டு வெளியே வந்ததும் ஹெல்மெட் இல்லாமல்தான் வண்டியை எடுத்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்னைக்கிலேருந்து வண்டியத் தொட்டாலே கை நடுங்குது. சின்ன விஷயம்தான், ஆனா முடியலை.

இரண்டு மூன்று வாரத்தில் குறைந்தால் கவலை வேண்டாம். அதிகாலையில், பழகிய தெருவில், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். முதல் நாளே மலைப்பாதை வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப வருகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். 14416 என்பது அரசின் டெலி மனஸ் உதவி எண். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஐந்நூறு ரூபாய் சலானுக்காகப் போய் இதற்கெல்லாமா கூப்பிடுவது என்று வெட்கப்பட வேண்டாம்.

நீங்க இவ்வளவு சொல்றீங்களே, அந்தப் பைக் விஷயம் உங்களுக்குத் தீர்ந்துச்சா?

இதைக் கேட்டது ஜீப் டிரைவர்தான். தீரவில்லை. அவர்கள் யார், எந்த ஊர் என்று தெரியாது. அந்த வளைவில் இப்போதும் இறங்கும்போது, எதிரே ஒன்றும் வராவிட்டாலும் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் எடுக்கிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுவார்கள். "ஓ, அது நீங்கதானா?" என்றார் அவர்.